சாமி ஊரில் இல்லாத ஐப்பசி

1.

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. கேட்டார்கள், எழுதுகிறேன். கேட்டு எழுதிய கதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தச்சநல்லூரில் என் வீட்டுக்கு நித்யா என்ற பெண் வந்தார். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஆற்றங்கரை ஊர்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரு புத்தகம் கொடுக்கப்போகிறார்கள், வெள்ளம் வருமுன் வீட்டில் என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அதில் நடுவே ஒரு கதை வேண்டுமாம்.

"நாலு பக்கம் போதும் சார். படிச்சா பயம் வரக் கூடாது, ஆனா ஒரு விழிப்பு வரணும். முடிவு மட்டும் நல்லபடியா இருக்கட்டும்" என்றார்.

பாம்புக்கடிக்கு ஒன்றும் கொசுவுக்கு ஒன்றும் இதுபோல ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். பாம்புக்கடிக் கதையில் பாம்பு மட்டும் நன்றாக வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசியும் அலுத்துவிட்டது. இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழிப் பிறப்பில் வந்ததே, அதற்குப் பிறகு திருநெல்வேலியில் எவரைப் பார்த்தாலும் கையைத் தன் உடம்பில் ஓர் இடத்தில் வைத்துக் காட்டுவார்கள். இங்கன வரைக்கும் தண்ணி. ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குக் கழுத்து. டவுண் பஸ்ஸில், அல்வாக் கடை வாசலில், கல்யாணப் பந்தியில் என்று எங்கேயும் இதே பேச்சுதான். எனக்கு முழங்கால்தான். அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போயின. முழங்கால் என்று சொன்னால் யாரும் மதிப்பதில்லை.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"தாமிரபரணி எங்களுக்குத் தாய்." [விட்டுவிட்டேன். எந்தத் தாயும் வீட்டுக்குள் வந்து பீரோவைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள்.]

"அந்தக் கிராமத்தில் அனைவரும் விழிப்போடு இருந்தார்கள். ஏனென்றால்" [ஏனென்றால் என்று எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. பொய்க்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா?]

"முத்துராணி மெயின் சுவிட்சை அணைத்தார்."

இதை வைத்துக்கொண்டேன். முத்துராணி நிஜமாகவே இருக்கிறார். மெயினை நிஜமாகவே அணைப்பார்.

3.

முத்துராணியின் ஊரைக் கீழப்படித்துறை என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வரைபடத்தில் தேட வேண்டாம். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் வாழை, நடுவில் சந்து. சந்தின் கடைசி வீடு அவருடையது. தாழ்வான வீடு. ஆட்டோ உள்ளே வராது.

நித்யா அழைத்துப் போயிருந்தார். வீட்டில் கட்டிலில் முத்துராணியின் கணவர் பெருமாள்ராஜ் படுத்திருந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆள் நல்ல கனம். ஒற்றைப் பெண்பிள்ளையால் அசைக்க முடியாது.

வெள்ளத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். எதையாவது உளறுவார், அதை வைத்து ஒரு அறிவுரை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"வேட்டுச் சத்தம் கேட்டா மெயினை அணைப்பேன் அண்ணாச்சி. ஆட்டை அவுத்து விடுவேன், அது தன்னால மேட்டுக்குப் போயிரும். அன்னா கொடியில தொங்குதுல்லா, அந்தப் பையைத் தோள்ல மாட்டுவேன். அதுக்குள்ள சாமி தூக்குற நாலு பேரும் வந்து இவுகளை நாற்காலியோட தூக்கிருவாக. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். அம்புட்டுதான்."

பையில் ரேஷன் கார்டு, மாத்திரை, டார்ச், மாற்றுத் துணி என எல்லாம் இருந்தன. நித்யா என்னைப் பார்த்துச் சிரித்தார். சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

(வேட்டு என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். கீழப்படித்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. மூலவர் கல். வெள்ளம் வந்தால் அவர் பாட்டுக்குக் குளித்துக்கொள்வார். உற்சவர் ஐம்பொன். தண்ணீர் படிக்கட்டிலுள்ள கல்யானையைத் தொட்டதும், சாமி தூக்குகிற சீர்பாதக்காரர் நால்வரும் உற்சவரைப் பலகை கட்டிய தோள்தண்டில் ஏற்றி, மேட்டில் இருக்கும் மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். சாமி அங்கே இறங்கியதும் மூன்று வேட்டுப் போடுவார்கள். ஊர் முழுக்கக் கேட்கும். சாமியே ஆற்றங்கரையை விட்டுப் போய்விட்டார், நமக்கு இங்கே என்ன வேலை என்று ஊரும் கிளம்பிவிடும். பெரிய வெள்ளத்தன்று மின்சாரம் போனது, செல்போன் டவர் போனது, மைக் கட்டிய வண்டி வரப் பாதை இல்லை. வேட்டுதான் கேட்டது. கீழப்படித்துறையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.)

4.

இங்கே ஒரு சந்தேகம் வந்தது. முத்துராணி ரொம்ப நல்லவராக இருக்கிறார். கோபமில்லை, அலுப்பில்லை, பை தயாராகத் தொங்குகிறது. இப்படிப்பட்டவர் புத்தகத்தில் வந்தால் படிக்கிற பெண்கள் "இவளுக்கு வேற சோலி இல்ல" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அதனால் ஒரு குறையை ஏற்றினேன். கதையில் முத்துராணி கணவரைத் திட்டுவார் என்று எழுதினேன். ஐப்பசி பிறந்ததும் தச்சநல்லூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் கெஞ்சுவார். கணவர் மறுப்பார். முத்துராணி திட்டுவார்.

இதைக் கற்பனை என்று நினைத்துத்தான் எழுதினேன். பிறகு கேட்டபோது முத்துராணி சொன்னார்: "வருசா வருசம் நடக்குது அண்ணாச்சி. மழை வரும் வரும்னு மூணு மாசம் அடுத்தவன் வீட்டுல கெடக்கவான்னு கேக்காக. நான் ஏசாத ஏச்சு இல்ல."

பெருமாள்ராஜைப் பற்றி இன்னொன்று. நோய் வருமுன் அவரும் சீர்பாதம். நால்வரில் ஒருவர். வலது தோளில் தண்டு அழுத்திய காய்ப்பு இன்னும் இருக்கிறது. அந்தத் தோள் இப்போது அசையாது; அவர் இடத்தில் வேறொருவர் தூக்குகிறார். பழைய கூட்டாளிகள் என்பதால்தான் மற்றவர்கள் சாமியை இறக்கி வைத்த கையோடு இவரைத் தூக்க வருகிறார்கள். முதலில் சாமி, அடுத்தது பெருமாள்ராஜ். அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

5.

பிறகு வெள்ளக் காட்சியை எழுதத் தொடங்கினேன். வேகமாகவே போனது:

"தண்ணீர் கல்யானையைத் தொட்டது. நால்வரும் கோயிலுக்குள் ஓடினார்கள். தண்டைத் தோளில் ஏற்றினார்கள். தண்டின் மேல் முருகன்"

முருகன் எப்படி இருந்தார் என்று ஒரு வரி எழுத ஆசைப்பட்டேன். என்ன பட்டு, என்ன மாலை. கோயிலுக்குப் போனபோது பார்த்ததை நினைத்துப் பார்த்தேன். உற்சவர் பீடம் நினைவுக்கு வந்தது. பீடத்தின் மேல் ஒரு விளக்கு. விளக்குக்குப் பின்னால் கண்ணாடி போட்ட முருகன் படம்.

படம்தான் இருந்தது. உற்சவரைப் பார்த்ததாக நினைவே இல்லை. முத்துராணிக்குப் போன் போட்டேன்.

"ஒரு சந்தேகம். உற்சவர் இப்போ எங்கே இருக்கார்?"

"டவுண்ல அண்ணாச்சி. அந்த வெள்ளத்துல கோயில் கதவு போயிட்டுல்லா. களவு போயிரப்படாதுன்னு கோயில் அதிகாரிக எடுத்துட்டுப் போயி பத்திரமா பூட்டி வச்சிருக்காக. தைப்பூசத்துக்குக் கொண்டாந்து காட்டிட்டு, திரும்பக் கொண்டு போயிருவாக."

"அப்போ வெள்ளம் வந்தா நாலு பேரும் யாரைத் தூக்குவாங்க?"

"சாமிதான் மொதல்லயே மேட்டுக்குப் போயிட்டாரே..." என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

"அப்ப வேட்டு?" என்றார்.

சாமி ஊரை விட்டுப் போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேளம் வைத்துத்தான் வழியனுப்பினார்கள். சாமியோடு எச்சரிக்கையும் வண்டியேறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. கொண்டுபோனவர்கள் மேல் தப்பில்லை, சாமியைக் காப்பாற்றுகிறார்கள். கவனிக்க வேண்டியவர்கள் நாங்கள். நித்யா பலமுறை வந்துபோனார், நானும் போனேன். பையைப் பார்த்து மெச்சினோமே தவிர, பை எப்போது கொடியிலிருந்து இறங்கும் என்று கேட்கவில்லை.

(நான் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்படுவதற்கில்லை. ஒரு வரி எழுத வரவில்லை, அவ்வளவுதான்.)

6.

மறுநாள் பஸ் பிடித்துக் கீழப்படித்துறைக்குப் போனேன். முத்துராணி ஏற்கெனவே மகாராஜாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நால்வரில் மூத்தவர், வாழைத்தார் ஏற்றுகிற வேலை. வேட்டுப் போடும் உரிமை அவர் குடும்பத்துக்கு.

"வேட்டு மருந்து இருக்கு, கொழா இருக்கு. பத்த வைக்க எம்புட்டு நேரம் வே ஆவும்? ஆனா சாமி நகராம வேட்டு போட்டா குத்தம்லா" என்றார் மகாராஜா.

"ஊரைக் காப்பாத்தத்தானே போடுறீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த பெருமாள்ராஜைப் பார்த்துச் சொன்னார்: "ஏல பெருமாளு, எங்க ஐயா கதை ஒனக்குத் தெரியும்லா, அண்ணாச்சிக்குச் சொல்லு."

பெருமாள்ராஜுக்குப் பேச்சு இழுக்கும். மகாராஜாவே சொன்னார்.

"எங்க ஐயா ஒரு வருசம் தண்ணி போற வேகத்தைப் பாத்துப் பயந்து, சாமி எடுக்க முந்தியே வேட்டைப் போட்டுட்டாரு. ஊரே சட்டி பானையோட மேட்டுக்கு ஓடுச்சி. மத்தியானம் தண்ணி வடிஞ்சிட்டு. அன்னையிலேருந்து அவருக்குப் பேரு பொய்வேட்டு. சாவுற வரைக்கும் அந்தப் பேருதான். எனக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் 'ஓ, பொய்வேட்டு மவனா'ன்னுதான் கேட்டாக."

சிரிக்க வேண்டிய கதைதான். யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது, அதைச் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. சாமியைத் தூக்கிவிட்டு வேட்டுப் போட்டால், வெள்ளம் வராவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சாமி போனார், சாமி வந்தார். வேட்டை மட்டும் போட்டால் அது ஒரு மனுசன் போட்ட வேட்டு. தண்ணீர் வடிந்தால் கேலி அவன் தலையில். இத்தனை காலம் அந்தக் கேலியைச் சாமிதான் சுமந்திருக்கிறார்.

"சாமிட்ட பூ கேட்டுப் பாப்பமா?" என்றார் மகாராஜா. சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்து, வந்த நிறத்தைச் சாமியின் பதிலாகக் கொள்வது.

"சாமி பூட்டுக்குள்ள இருக்கு. பூவைச் சாவித் தொவாரத்துல போடப் போறீகளா அண்ணே?" என்றார் முத்துராணி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கதையில் நான் ஏற்றிய கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஒன் வீட்டுக்காரனை நான் விட்டுருவனாம்மா? வேட்டு இல்லாட்டாலும் வந்து தூக்குவேன்."

"எப்ப வருவீக? சாமி இருந்தா நாலு பேரும் கோயில்ல ஒண்ணா நிப்பீக. இப்ப அவனவன் அவனவன் வீட்டுல சாமானை ஏத்திக்கிட்டு இருப்பான். ஒருத்தரா வந்து இவுகளை என்ன செய்வீக?"

முத்துராணி கொடியில் தொங்கிய பையைப் பார்த்தார். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"இவுகளைத் தண்டுல வச்சுத் தூக்குங்க. தண்டு மண்டபத்துலதான கெடக்கு. மழை வலுத்ததும் நாலு பேரும் தண்டோட இங்கன வந்துருங்க. சாமி இருக்கிற பலகையில இவுகளை வச்சு, கொண்டு போயி மண்டபத்துல எறக்குங்க. எறக்கிட்டு வேட்டைப் போடுங்க. தண்டு நகந்துச்சுல்லா? பெறகு எவன் பொய்வேட்டுன்னு சொல்லுவான்?"

மகாராஜா தரையைப் பார்த்தார். பெருமாள்ராஜ் இடது கையை மெல்லத் தூக்கி வலது தோளில், அந்தக் காய்ப்பின் மேல் வைத்தார்.

"நான்... தூக்குன எடத்துல... நான் ஒக்காரவா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "போடீ."

"அப்ப தண்ணிக்குள்ள கெடங்க" என்று முத்துராணி அடுக்களைக்குள் போனார். பாத்திரம் விழுந்தது, அல்லது போடப்பட்டது.

7.

இப்போது முடிவு எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவை:

முடிவு அ. மழை கொட்டுகிறது. நால்வரும் தண்டோடு வருகிறார்கள். பெருமாள்ராஜ் பலகையில் உட்கார்கிறார். சந்து வழியே போகும்போது வாசலில் நின்றவர்கள் பழக்கத்தில் கும்பிட்டுவிடுகிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். மண்டபத்தில் இறக்குகிறார்கள், மூன்று வேட்டு, ஊர் மேடேறுகிறது. [எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனால்தான் நம்பிக்கை இல்லை. பெருமாள்ராஜ் சம்மதித்தார் என்று எழுதிவிட்டேனே தவிர, எப்படிச் சம்மதித்தார் என்று எழுத முடியவில்லை.]

முடிவு ஆ. மகாராஜா துணிந்து வேட்டுப் போடுகிறார். தண்டும் இல்லை, சாமியும் இல்லை. ஊர் மேடேறுகிறது, பெருமாள்ராஜ் நாற்காலியில் போகிறார். மத்தியானம் தண்ணீர் வடிந்துவிடுகிறது. டீக்கடையில் "அப்பனுக்குத் தப்பாத மவன்" என்று சிரிக்கிறார்கள். மகாராஜா பொய்வேட்டு ஆகிறார். [நல்ல முடிவு என்று கேட்டால் என் கணக்கில் இதுதான் நல்ல முடிவு. ஒருவர் கேலிப்பெயரோடு சாகிறார், வேறு யாரும் சாகவில்லை. ஆனால் இதற்குச் சம்மதிக்க வேண்டியவர் மகாராஜா, நான் அல்ல.]

முடிவு இ. தண்ணீர் கல்யானையை மூடுகிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வேட்டு இன்னும் போடவில்லை, அதனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். சந்தின் கடைசி வீட்டில் முத்துராணி கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைக்கிறார். தண்ணீர் ஏறுகிறது. இன்னொரு செங்கல் வைக்கிறார். பெருமாள்ராஜ் "நீ போ" என்கிறார். அவர் போகவில்லை. இன்னொரு

[இதை முடிக்கமாட்டேன்.]

8.

நித்யாவிடம் கொடுத்தேன். திண்டாடிப்போனார்.

"சாமி சமாச்சாரம் இல்லாம எழுத முடியாதா சார்? இதே புத்தகம்தான் காயல்பட்டினம் முஸ்லிம் தெருக்களுக்கும் போவுது."

"போகட்டும். அங்கே எந்தச் சத்தத்தை நம்பி இருக்காங்களோ, அது இன்னும் இருக்கான்னு பார்த்துக்குவாங்க."

நித்யா தாளை மடித்து வைத்தார். பிறகு, "எங்க ஊர்ல மில் சங்கு ஊதுவாங்க சார். வாய்க்கால் ஒடைஞ்சா நிறுத்தாம ஊதுவாங்க. அதைக் கேட்டுத்தான் எங்கம்மா எங்களை மாடிக்கு ஏத்துவா" என்றார். "மில்லை மூடி ரொம்ப வருசம் ஆச்சு."

முடிவு மட்டும் நல்லபடியாக இருக்கட்டும் என்று அவர் மறுபடி சொல்லவில்லை. நானும் அவரும் காப்பியைக் குடித்து முடித்தோம். எங்கள் இருவருக்கும் களைப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் முத்துராணி கூப்பிட்டார்.

"மகாராஜா அண்ணன் வேட்டு மருந்தை எடுத்து வெயில்ல காய வச்சாரு. எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு."

"பெருமாள்ராஜ் என்ன சொல்றார்?"

"இவுக ஒண்ணும் சொல்லல. இன்னைக்குச் சவரம் பண்ணி விடுன்னாக. திருநாளு வந்தாத்தான் அப்படிக் கேப்பாக." பிறகு, "கதையில இவுகளை யாரு அண்ணாச்சி தூக்குதா?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதல" என்றேன்.

"பையப் பைய எழுதுங்க" என்றார். "ஆனா மழைக்கு முந்தி எழுதிருங்க."

9.

ஐப்பசி பிறந்துவிட்டது. அணைக்கு வரும் தண்ணீர் கூடியிருக்கிறது என்று காலையில் செய்தியில் சொன்னார்கள். என் வீட்டு அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றுமில்லை.

முடிவை எழுதப்போவதில்லை. எழுதினால் அது நடந்து முடிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், முதல் ஆளாக நான். நடக்காத வெள்ளத்துக்கு முடிவு சொல்ல என்னால் ஆகாது. தோள் கொடுக்கவும் வேட்டுப் போடவும் கேலியைச் சுமக்கவும் ஆட்கள் வேண்டும், அவர்கள் தாளில் கிடைக்கமாட்டார்கள். கதை நின்ற இடத்தை அப்படியே உங்களிடம் வைக்கிறேன்.

"தண்ணீர் கல்யானையைத் தொட்டது. முத்துராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஆடு மேட்டைப் பார்த்துப் போய்விட்டது. உள்ளே பெருமாள்ராஜ் சவரம் செய்த முகத்தோடு, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தத்துக்கு நடுவே இருவரும் மேட்டுப் பக்கம் காது கொடுத்தார்கள். மேட்டிலிருந்து"